வலை பழுது பார்க்கும் கைகள்

(பங்கின் பொன்விழாத் தொடக்க நாள் மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவில் பங்குத் தந்தை பேசுகிறார் என்றால், கோவில் எப்படி எழும்பியது, கூரைக் கொட்டகை எப்போது கட்டடமாயிற்று, யார் யார் உதவினார்கள் என்றெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். அவற்றையெல்லாம் விழாக் குழுவினர் இம்மலரின் மற்றப் பக்கங்களில் அழகாகத் தொகுத்திருக்கிறார்கள். ஆகவே நாம் இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது மீன் வலை. வீட்டிலேயே வலை கட்டுவதும், கிழிந்த வலையை வீட்டிலேயே பழுது பார்ப்பதும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

"தாம்பரத்தில் கடல் ஏது, சாமி?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கோவளம் போய்ச் சேர பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே அமர்ந்திருப்பவர்களைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். ரயில்வேக்கும், விமானப் படைத் தளத்துக்கும், 1984-க்குப் பின் ஏற்றுமதி வளாகத்துக்கும் வேலைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் முட்டம், குளச்சல், மணப்பாடு, தூத்துக்குடி என்று கரையோரத்திலிருந்து வந்தவர்கள்! உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர்களும் சளைத்தவர்கள் அல்லர். ஏரி வற்றும் காலத்தில் மூங்கில் ஊத்தாவை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிய கதையை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சேலையூர், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், பீர்க்கன்காரணை என்று நம்மைச் சுற்றி ஏரிகளுக்குத்தான் என்ன குறை? வீச்சு வலையோடு கரையில் நிற்கும் மனிதரை இன்றும் மழைக்காலத்தில் காணலாம்.

நிற்க. இந்தப் பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அது நம் தவறு ஒன்றைப் பற்றியது. சம்பந்தப்பட்ட பெரியவரும் அவர் மகனும் இசைவு தந்ததால் இதைப் பொதுவில் சொல்லுகிறோம்.

குமரிக் கரையில் ஐம்பது ஆண்டுகள் கடலுக்குப் போன ஒரு பெரியவர், மனைவி காலமான பிறகு, இங்கே மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இரண்டாம் மாடியில் அடுக்குமாடி வீடு. வரும்போது துணிமணியோடு ஒரு பழைய வலையையும் கொண்டுவந்திருந்தார். அதைப் பால்கனிக் கம்பியில் மாட்டி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். மீன் வாடை வீசுகிறது என்று பக்கத்து வீட்டாருக்கு வருத்தம். தந்தைக்கும் தனயனுக்கும் வாக்குவாதம். மகன் நம்மிடம் வந்து, "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்பா கேப்பாங்க" என்றார். நாமும் ஆழ்ந்து யோசியாமல், ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் அந்தப் பெரியவரை நிறுத்தி, "இனி எதற்கு இந்த வலை? வயதான காலத்தில் செபமாலையைக் கையில் எடுங்கள்" என்று சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. கை கூப்பிவிட்டுப் போனார். அதற்குப் பின் பல வாரங்கள் அவரைக் கோவிலில் காணவில்லை.

இதற்கிடையில் நம் கோவில் மைதானத்தில் இளைஞர்கள் ஆடும் கைப்பந்து வலை நடுவில் கிழிந்து போயிற்று. ஓரங்களை இழுத்துச் சேர்த்து முடிந்து வைத்தார்கள். இரண்டே நாளில் பக்கத்தில் இன்னொரு கிழிசல். புதிய வலை வாங்கிவிடலாம் என்று நாமே முடிவு செய்துவிட்டோம். அப்போது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவன், "அந்த வலைத் தாத்தாகிட்ட கேக்கலாமே, சாமி" என்றான். குருமடத்தில் நாம் பல ஆண்டுகள் இறையியல் கற்றும் தோன்றாத யோசனை அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது.

நாம் அவர் வீட்டுக்குப் போனோம். மறுநாள் மாலை அவர் வந்தார். மாமரத்துக் கிளையில் வலையைக் கட்டித் தொங்கவிட்டார். முதலில் அவர் கேட்டது நூலை அல்ல, கத்தரிக்கோலை. பிள்ளைகள் முடிந்து வைத்திருந்த முடிச்சுகளை வெட்டினார். சுற்றிலும் நைந்துபோன நூல்களையும் வெட்டினார். கையளவு இருந்த ஓட்டை முறத்தளவு ஆயிற்று. பையன்கள் பதறினார்கள். நமக்கும் திக்கென்றது. அவர் சிரித்தார்: "ஓட்டயப் பெருசாக்காம ஓட்டய அடைக்க முடியாது மக்கா. நைஞ்ச நூலுல முடிச்சுப் போட்டா நிக்காது."

அதன் காரணத்தை அவர் விளக்கியபடியே சொல்லுகிறோம். வலையில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் நான்கு கால்கள் புறப்படுகின்றன. ஓட்டையின் ஓரத்தை வெட்டிச் சீராக்கும்போது, வேலையைத் தொடங்கும் முடிச்சுக்கு மூன்று கால் இருக்கவேண்டும். முடிக்கும் முடிச்சுக்கும் மூன்று கால் இருக்கவேண்டும். இடையில் உள்ளவற்றுக்கெல்லாம் இரண்டு கால் மட்டுமே விட்டு வைக்கவேண்டும். அப்படிச் சீராக்கிவிட்டால், புது நூல் முதல் முடிச்சிலிருந்து புறப்பட்டு, வரிசை வரிசையாகக் கண் கட்டிக்கொண்டு போய், கடைசி முடிச்சில் தானாக வந்து நிற்கும். ஒரு கண்ணும் மிஞ்சாது, ஒரு கண்ணும் குறையாது. வெட்டாமல் ஓரங்களை இழுத்து முடிந்தால் என்ன ஆகும்? ஓட்டை மறையும், ஆனால் வலை அந்த இடத்தில் சுருங்கும். இழுவை எல்லாம் அங்கேயே விழும். பக்கத்தில் புதிதாகக் கிழியும். நம் இளைஞர்கள் கண்டது அதுதான்.

வேலைக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. நூல் சுற்றிய வலை ஊசி ஒன்று. முன்னாளில் மூங்கிலைச் சீவி வீட்டிலேயே செய்வார்கள். இப்போது பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. கண்ணின் அளவு மாறாமல் காக்க ஒரு தட்டையான சட்டம். வலையை நீட்டிப் பிடித்தால் கண் எவ்வளவு நீளமோ, அதில் பாதி அகலம் சட்டத்துக்கு இருக்கவேண்டும். நம் கைப்பந்து வலைக்குப் பெரியவர் பழைய நோட்டு அட்டையை நான்கு அங்குல அகலத்தில் வெட்டிக்கொண்டார். முடிச்சு ஒன்றே ஒன்றுதான். மேல் கண்ணின் வளைவுக்குள் ஊசியைக் கீழிருந்து மேலே நுழைத்து, அதன் பின்புறமாகச் சுற்றி, தன் நூலுக்கு அடியிலேயே செருகி இழுத்து இறுக்குவது. பருத்தி நூலுக்கு ஒரு சுற்றுப் போதும். நைலான் வழுக்கும், ஆகவே இரண்டு சுற்று வேண்டும். வீச்சு வலை கட்டுவோர் உச்சியில் சில கண்களோடு தொடங்கி, சுற்றுக்குச் சுற்று கண்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். விளிம்பில் ஈயக்குண்டுகளைக் கோத்தால் வலை முடிந்தது.

இது நேற்று வந்த கலையல்ல. அன்று பின்லாந்துப் பகுதியாக இருந்து இன்று ருஷ்யாவில் உள்ள ஆந்த்ரேயா என்னும் இடத்தில் 1913-ஆம் ஆண்டு ஒரு பழைய வலையின் எச்சம் மண்ணுக்கடியில் கிடைத்தது. வில்லோ மரப்பட்டை நாரால் கட்டியது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. மேலே மரப்பட்டை மிதப்பு, கீழே கல் எடை. இன்று கோவளம் கரையில் நாம் காணும் வலைக்கும் மேலே மிதப்பு, கீழே எடை என்ற அமைப்புத்தானே!

அன்று மாலை அந்தப் பெரியவர் ஊசியை நம் கையில் கொடுத்து, "சாமியும் ஒரு வரிசை கட்டுங்க" என்றார். நாம் கட்டியவை எல்லாம் கோணல். அவர் பொறுமையாக அவற்றை வெட்டி எறிந்தார். அந்தக் கணத்தில் நமக்கு நம்மைப் பெற்ற தாயாரின் நினைவு வந்து நெஞ்சை அடைத்தது. ஏனெனில், நாம் பிறந்ததும் குமரிக் கரையிலேதான்.

அந்தக் கரையில் வலை கட்டுவது பெண்களின் வீட்டுத் தொழிலாக இருந்தது. சமையல் முடிந்தால் திண்ணைத் தூணில் வலை ஏறும். பேச்சும் செபமாலையும் வலையோடு சேர்ந்தே நடக்கும். பருத்தி வலை ஈரத்தில் உளுத்துவிடும். ஆகையால் புளியங்கொட்டைத் தோலைக் காய்ச்சிய சாயத்தில் தோய்த்து வெயிலில் உலர்த்துவார்கள். செங்காவி நிறமும் அந்தத் துவர்ப்பு வாடையும் இன்னும் நம் நினைவில் இருக்கின்றன. பின்பு நைலான் வந்தது. 1952-இல் கையெழுத்தாகிக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் முதலாக, நம் தென்கரை முழுவதிலும் புதிய படகுகளும் புதிய நூலும் பரவின. நைலான் உளுக்காது, இலேசானது, நிறைய மீன் பிடிக்கும். அதை நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1970-களில் வலை பின்னும் இயந்திரங்களும் வந்து சேர்ந்தன. பல பெண்கள் பல நாள் கட்டும் வலையை இயந்திரம் விரைவில் கட்டிவிடும். கூலி குறைந்தது, பிறகு வேலையே குறைந்தது. வலை கட்டிய பெண்கள் கூட்டமாக வீதிக்கு வந்து முறையிட்டார்கள். நாம் அப்போது சிறு பையன். நம் தாயார் வீட்டில் தூண் வெறுமையாக நின்றது மட்டும் தெரியும்.

ஆயினும் அவர் கை ஓயவில்லை. இயந்திரம் வலையைப் பின்னித் தரும். அதைக் கயிற்றில் கோத்து, மிதப்பும் ஈயமும் கட்டிக் கடலுக்குத் தயாராக்குவது கைவேலைதான். கிழிந்த வலையைப் பழுது பார்ப்பதும் கைவேலைதான். பாறையில் சிக்கியது, நண்டு கடித்தது, பெரிய மீன் கிழித்தது என்று நாள்தோறும் வலைகள் வந்தன. அந்தக் கூலியில்தான் நாம் குருமடத்துக்குக் கொண்டுபோன இரும்புப் பெட்டி வாங்கப்பட்டது. விடுமுறையில் வரும்போது நாம் பக்கத்தில் உட்கார்ந்து லத்தீன் வாய்ப்பாடு படிப்போம். ஒரு நாளாவது, "அம்மா, அந்த முடிச்சை எனக்கும் சொல்லித் தாருங்கள்" என்று கேட்டோமா? கேட்கவில்லை. அது நமக்கு வேண்டாத வேலை என்று எண்ணினோம். அவரும் தம் மகன் குருவாகப் போகிறான் என்று ஊசியை எட்டவே வைத்தார். அவர் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் கையில் இருந்தது அவரோடு போயிற்று. அதை இந்தத் தாம்பரத்து மாமரத்தடியில், நாம் மனம் நோகச் செய்த ஒரு பெரியவரிடம் கற்கவேண்டியதாயிற்று.

பிரியமானவர்களே, நற்செய்தியை எண்ணிப் பாருங்கள். கலிலேயாக் கடலோரத்தில் ஆண்டவர் யாகப்பரையும் அருளப்பரையும் அழைத்தபோது, அவர்கள் தந்தை செபதேயுவோடு படகில் அமர்ந்து என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அந்தக் கிரேக்க மூலத்தில் பழுது பார்ப்பதற்கு வரும் சொல் 'கதார்திசோ' என்பது. குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். இப்போதுதான் பொருள் விளங்குகிறது. ஏனென்றால், தவறிப்போன சகோதரனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்துங்கள் என்று சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதும்போது அதே சொல்லைத்தான் கையாளுகிறார். இறைமக்களைத் திருப்பணிக்குத் தகுதியாக்குவது பற்றி எபேசியருக்கு எழுதும்போதும் அச்சொல்லிலிருந்து பிறந்த சொல்லே வருகிறது. வலையைச் செப்பனிடுவதும், மனிதனைச் செப்பனிடுவதும், பங்கைச் செப்பனிடுவதும் அந்த மொழியில் ஒரே வேலை!

அப்படியானால் வலையின் விதி நமக்கும் விதி அல்லவா? நாம் அந்தப் பெரியவரிடம் முதலில் என்ன செய்தோம்? வீட்டுக்குப் போனோம், உடல்நலம் விசாரித்தோம், கைப்பந்து வலையைப் பற்றிக் கேட்டோம். ஓரத்தை இழுத்து முடிந்தோம், அவ்வளவே. அவர் ஓட்டையை வெட்டிப் பெரிதாக்கியதைக் கண்ட பிறகுதான் நமக்கு உறைத்தது. அன்று இரவு மறுபடி போய், "உங்கள் வாழ்நாள் உழைப்பை நான் ஒரே வார்த்தையில் வேண்டாதது என்று சொல்லிவிட்டேன். அது தவறு" என்று சொன்னோம். மகனும் பக்கத்தில் இருந்தார். அது சுலபமாக இல்லை. பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பூசைக்கு வராம இருந்தது என் தப்புதான் சாமி" என்றார். நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து கேட்பதும் இதைத்தானே! எது நைந்தது என்று வெட்டிக் காட்டாமல் முடிச்சு நிற்காது.

கரையோரத்து மக்கள் இதை வாழ்க்கையாகவே வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீன் பெருகும் காலம் அது. அந்நாட்களில் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். படகின் பலகையும் எந்திரமும் வலையும் செப்பனிடப்படுவதைக் காணலாம். முன்னாளில் கட்டுமரம் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து உலர வைப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலமும் எடுத்துக்கொண்டது நீங்கள் அறிந்ததே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் சென்னைக் கரையில் பைபர் படகுகள் பெருகிவிட்டன. அவற்றில் விரிசல் கண்டாலும் கண்ணாடி நாரும் பிசினும் வைத்துக் கரையிலேயே ஒட்டிவிடுகிறார்கள்.

அந்தப் படகுகளுக்கு நாமும் கடன்பட்டவர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் நீரில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் வெள்ளம் சூழ்ந்த இடங்களுக்கு மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். 2018-இல் கேரளத்திலும் அவ்வாறே செய்தார்கள். அவர்கள் படகு ஓட்டையாக இருந்திருந்தால் வந்திருக்க முடியுமா? தன் பிழைப்புக்காகப் பழுது பார்த்து வைத்த பொருள், பிறர் உயிருக்கும் உதவியது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நைலான் உளுக்காது என்பது அதன் சிறப்பு. கடலில் தொலைந்தால் அதுவே கேடு. நெடுங்காலம் அழியாமல் கிடந்து, எவருக்கும் பயனின்றி மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக் கொல்லும். கிழிந்ததைக் கடலிலோ ஏரியிலோ எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது சிக்கனமும் அல்ல, தருமமும் அல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் நம் பொது இல்லத்தைக் காப்பது பற்றி எழுதிய சுற்றுமடலின் கருத்தும் இத்தகையதே. இன்னொன்று: பருத்தி வலையை வெயிலில் உலர்த்தவேண்டும், நைலான் வலையையோ வெயிலில் வெகுநாள் விடக்கூடாது, நூல் வலுவிழக்கும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் எலி கடிக்காதபடி தொங்கவிடவேண்டும். பிள்ளை வளர்ப்பவர்களும் இதைக் கவனிப்பது நலம். எல்லா நூலுக்கும் ஒரே பராமரிப்பு அல்ல.

இறுதியாக நம் வேண்டுகோள். பொன்விழாவின் நினைவாக மணிக்கூண்டு கட்டலாம், வளைவு கட்டலாம் என்று பலரும் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். அவை நடக்கட்டும். அவற்றோடு காசு செலவில்லாத ஒன்றை நாம் கேட்கிறோம். சனிக்கிழமை தோறும் மறைக்கல்வி முடிந்தபின் ஒரு மணி நேரம் மாமரத்தடியில் பழுது பார்க்கும் வகுப்பு நடக்கட்டும். வலைத் தாத்தா வலை கட்டக் கற்பிப்பார். ஊத்தா பின்னத் தெரிந்தவர்கள், தையல் தெரிந்த அம்மாமார்கள், மின்விசிறி பழுது பார்க்கத் தெரிந்த ரயில்வே ஓய்வாளர்கள், எல்லோரும் வாருங்கள். பிள்ளைகள் பழைய நோட்டு அட்டை ஒன்றும் நூற்கண்டு ஒன்றும் கொண்டுவந்தால் போதும். எல்லோரும் மீன் பிடிக்கப் போகவேண்டும் என்பதற்காக அல்ல. உங்கள் வீட்டு முதியவரின் கையில் இருப்பது அவரோடு போய்விடக்கூடாது என்பதற்காக. நாம் நம் தாயாரிடம் கேட்கத் தவறியதை நீங்கள் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது நாள்தோறும் பூசைக்கு வருகிறார். அவருடைய பழைய வலை நம் கோவில் பின்புறத் தாழ்வாரத்தில் தொங்குகிறது. பெரிய கிழிசலைக் கட்டும்போது எதிர்ப்புறம் ஒருவர் வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டால் கண் ஒழுங்காக விழும். சில சனிக்கிழமைகளில் வேலை விட்டு வரும் வழியில் அவர் மகன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த எதிர்ப்புறத்தைப் பிடித்துக்கொள்கிறார். இருவரும் அதிகம் பேசுவதில்லை. நாமும் குறுக்கே போவதில்லை. கைப்பந்து வலை இதுவரை கிழியவில்லை.

உயிர்த்த ஆண்டவரின் சொற்படி இராயப்பரும் தோழர்களும் வீசிய வலையில் 153 பெரிய மீன்கள் விழுந்தும் அது கிழியவில்லை என்று அருளப்பர் எழுதுகிறார். ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பங்கு என்னும் வலையும் எத்தனையோ சுமைகளைத் தாங்கியிருக்கிறது. கிழிந்த இடங்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. அவற்றைச் சீராக்கிக் கட்ட நமக்குப் பொறுமையையும், வெட்டவேண்டியதை வெட்டும் துணிவையும், எதிர்ப்புறம் பிடித்துக்கொள்ள ஒரு சகோதரனையும் ஆண்டவர் தந்தருள்வாராக. கடலின் விண்மீனாகிய அன்னை மரியாள் நம் எல்லோருக்காகவும் பரிந்து பேசுவாளாக.

உங்கள் அனைவருக்கும் நம் பொன்விழா வாழ்த்துக்களும் ஆசீரும் உரித்தாகுக.